முக்காட்டுக்கு ஒரு விளிம்பு

ஒரு விடுகதை போடுகிறேன், நிதானமாக யோசித்துச் சொல்லுங்கள். நூலை வாங்கி வந்து செய்தது, ஆனால் செய்ததெல்லாம் ஓட்டை. ஓட்டை ஒழுங்காக விழுந்தால் தலையில் வைத்துக் கொண்டாடுவார்கள். ஓட்டை அடைத்துப்போனால் வீண். அது என்ன? வலை என்று சொல்ல வாயெடுத்திருப்பீர்கள். தூத்துக்குடியில் யாரிடம் கேட்டாலும் முதலில் வலை என்றுதான் சொல்வார்கள். இதில் மீன் படாது. சல்லடையும் இல்லை, கொசுவலையும் இல்லை. விடை லேஸ். கடையில் அட்டையில் சுற்றி மீட்டர் கணக்கில் தருகிற லேஸைச் சொல்லவில்லை. திண்டின் மேல் புள்ளி வைத்த தாளை ஒட்டி, புள்ளிக்குப் புள்ளி குண்டூசி குத்தி, நூல் சுற்றிய கட்டைகளை ஒன்றின் மேல் ஒன்றாகத் தாண்டவிட்டுக் கையால் பின்னுகிற லேஸ். சனிக்கிழமை மதியம், சாப்பிட்ட கை காய்வதற்குள், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற கிளாடியஸ் அதைப் பின்ன உட்கார்ந்திருந்தான். மறுநாள் காலையில் அவன் மகள் மிரெல்லாவுக்குப் புதுநன்மை, முதல்தடவை நற்கருணை வாங்குகிற நாள். அவள் போடப்போகிற வெள்ளை முக்காட்டின் முன்விளிம்பில், இந்தக் காதிலிருந்து அந்தக் காது வரைக்கும் இந்த லேஸ் வரவேண்டும். அவளும் அவள் அம்மா ஜெனோவாவும் கோயிலில் ஒத்திகைக்கும் பாவசங்கீர்த்தனத்துக்கும் போயிருந்தார்கள். அவர்கள் திரும்பி வருவதற்குள் முடிக்க வேண்டும்.

தாண்டு, முறுக்கு, தாண்டு, ஊசி. நாலு கட்டையை எடு, நடுவில் இருக்கிற இரண்டில் இடதுபக்கத்தை வலதின் மேல் தாண்டவிடு, பிறகு இரண்டு ஜோடியையும் முறுக்கு, மறுபடி தாண்டு, புள்ளியில் ஊசியைக் குத்து. கட்டைகள் ஒன்றோடொன்று மோதி டிக் டிக் என்றன. மழை பிடிக்கும்போது முதல் துளிகள் தகரத்தில் விழுகிற சத்தம். கட்டை என்று மரியாதைக்குச் சொல்வதுதான், எல்லாம் துணி மாட்டுகிற மரக்கிளிப்பு. கம்பியைக் கழற்றினால் ஒரு கிளிப்பு இரண்டு கட்டையாகிவிடும், நூல் நிற்பதற்கு அதிலேயே பள்ளமும் இருக்கிறது. வீட்டிலிருந்த கிளிப்பெல்லாம் இங்கே வந்து சேர்ந்ததால் ஜெனோவாவின் நைட்டி ஒருநாள் பறந்து எதிர்வீட்டு ஆன்டெனாவில் கொடி ஏறியது. அன்றைக்கு அவள் பேசிய பேச்சு. முறுக்கு, தாண்டு. கட்டைவிரலில் ஒரு வலி மெல்ல எட்டிப்பார்த்துவிட்டுப் போனது. ஏணியின் ஈரம் உள்ளங்கைக்கு வந்தது. கிரேன் ஏணி, காலைப் பனி, பிடித்த கை பிடிக்கவில்லை, அப்புறம் வானம் இருக்கவேண்டிய இடத்தில் கப்பலின் வயிறு. வேண்டாம். அதை நினைத்தால் ஜோடி மாறிவிடும். ஒருதரம் அதை நினைத்துக்கொண்டே பின்னி அரைச் சாண் அளவுக்குப் பிரித்தாயிற்று. ஒடிந்த மணிக்கட்டு ஒட்டிய பிறகு பிசியோதெரபிக்காரர் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கு அமுக்கு என்றார். எத்தனை நாளைக்குப் பந்தை அமுக்குவது? பந்துக்கே அலுத்துப்போயிருக்கும். அப்போதுதான் மிரெல்லா போனை எடுத்துவந்து, "எப்பா, இங்க பாருங்க, இந்த ஆள் விரல் எப்படி ஓடுது பாருங்க" என்று காட்டினாள். நீலத் திண்டு, கொத்துக் கொத்தாகக் கட்டைகள், அவற்றுக்கு நடுவே ரொட்டி போன்ற இரண்டு பெரிய கைகள். ஐம்பது தாண்டிய ஆண். தாடி. அந்தத் தாடிதான் கிளாடியஸைப் பிடித்துக்கொண்டது. தாடி வைத்தவன் செய்தால் நானும் செய்யலாம்.

தாடிக்காரர் பின்லாந்தில் பஸ் ஓட்டுகிறவர், பேர் யூஹனி. அவரைப் பின்தொடர்ந்து போனால் ஒரு குழு. உலகத்தில் எங்கெங்கோ உட்கார்ந்து லேஸ் பின்னுகிறவர்கள் படம் போட்டு, சந்தேகம் கேட்டு, ஒருவர் தப்பை ஒருவர் கண்டுபிடித்துச் சந்தோஷப்படுகிற இடம். கிளாடியஸ் முதன்முதலாகப் போட்ட படத்தைப் பார்த்து ஒருவரும் சிரிக்கவில்லை. அது லேஸ் மாதிரியே இல்லை, தேங்காய் உரித்த பிறகு கிடக்கிற நார் மாதிரி இருந்தது. நூலை இழுத்துப் பிடி, ஊசியை நம்பு என்று எழுதினார்கள். அவன் தட்டுத்தடுமாறி ஆங்கிலத்தில் நன்றி எழுதினான். அதன் கீழே தமிழில் ஒரு குரல் வந்தது. எழுத்தில்லை, குரல். "நானா, உங்கட பேரப் பாத்தா தமிழ் ஆள் போல. நான் வெலிகம. எங்க ஊர்ல இத பின்றவங்க நெறையப் பேர். இங்கிலீசுல கஷ்டப்படாதீங்க, என்கிட்ட கேளுங்க." அப்படி வந்தவள்தான் ஸரீனா. இலங்கையில் கடலோரம், பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், வயதில் அவனைவிட ஒன்றிரண்டு இளையவளாக இருப்பாள், அண்ணனை நானா என்று கூப்பிடுகிற ஊர். அவள் குரலுக்குப் பின்னால் எப்போதும் ஒரு சேவல் கூவும். தன் முதல் லேஸ் இப்போது அடுப்படியில் சூடான சட்டியை இறக்குகிற துணியாக இருக்கிறது என்றாள். "வலது கட்டைய இடதுக்கு மேல போடுறீங்க நானா, கண்ணாடியில பாத்துப் படிச்சீங்களா?" ஆமாம், கண்ணாடியில் பார்த்த மாதிரிதான் ஆகியிருந்தது. முன்கேமராவில் எடுத்த ஒரு வீடியோவைப் பார்த்து எல்லாவற்றையும் தலைகீழாகப் பழகியிருந்தான். அதைப் பிரித்தான். மறுபடி பின்னினான். ஊசியை அவசரப்பட்டுப் பிடுங்காதீங்க, ஊசி இருந்தாத்தான் வடிவு நிக்கும் என்று அவள் சொன்னதைப் பைபிள் வசனம் மாதிரி பிடித்துக்கொண்டு ஒரு ஊசியைக்கூட அவன் பிடுங்கவில்லை. ஆரம்பத்தில் குத்திய ஊசிகள் கைக்குத் தட்டுப்பட்டதால் அவற்றைக் கொண்டை வரைக்கும் திண்டுக்குள் அமுக்கி, மேலே துணியைப் போட்டு மூடி, முன்னேறிப் போய்க்கொண்டே இருந்தான். இப்போது கடைசி இலை. அந்த லேஸில் வரிசையாக இலைகள். இலைக்கு நடுவே நரம்பு மாதிரி ஒரு ஓட்டை வரிசை. தாண்டு, முறுக்கு.

"அத்தான், உள்ள இருக்கீங்களா, இல்ல பூ கட்டப் போயிட்டீங்களா?" ஜெனோவாவின் தம்பி ஹெர்மன். பிரியாணி அண்டாவும் நாற்காலியும் சொல்லிவிட்டு வருகிற வழி. செருப்பைக் கழற்றாமலே எட்டிப்பார்த்தான். "கிரேன்ல நிலக்கரி அள்ளுற கை. இப்ப பாரு, அப்படியே மணப்பொண்ணு மாதிரி." கிளாடியஸ் தலை நிமிரவில்லை. நிமிர்ந்தால் ஜோடி போய்விடும். "மாப்ள, அந்த நாலாவது கட்டைய மிதிச்சின்னா நாளைக்கு உனக்கு லெக்பீஸ் கிடையாது." ஹெர்மன் காலைத் தூக்கிக்கொண்டு நாரை மாதிரி நின்றான். பிறகு குனிந்து பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். "இது எப்படி அத்தான் உதிராம நிக்குது?" "ஊசி நிக்குதுல்ல." "ஊசிய எடுத்துட்டா?" "அப்பவும் நிக்கும்னுதான் சொல்றாங்க." ஹெர்மன் உதட்டைப் பிதுக்கினான். "அக்கா கடையிலயே ஒண்ணு வாங்கி பீரோல வெச்சிருக்கா, முத்தெல்லாம் வெச்சு. தெரியும்ல?" தெரியும். ஜெனோவா மறைக்கவும் இல்லை. முடியலைன்னா கையில ஒண்ணு இருக்கணும்ல என்று சொல்லிவிட்டுத்தான் வாங்கினாள். நெட்டுத் துணி நிறைய முத்து, நெற்றியில் ஒரு பிளாஸ்டிக் கிரீடம், அசைத்தால் சலசலக்கும். "பிள்ளைக்கு எது புடிக்குதோ அது" என்றான் கிளாடியஸ். "அவ ஒங்களுதுதான் போடுவா. தங்கமான பிள்ளை. அப்பா மனசு நோகும்னு வாயத் தொறக்க மாட்டா" என்று சொல்லிவிட்டு ஹெர்மன் பைக்கைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

அதுதான். அந்த இடத்தில்தான் நூல் சிக்குகிறது. ஹெர்மன் நல்ல வார்த்தை என்று நினைத்து விட்டெறிந்துவிட்டுப் போனது கையிலே மீன்முள் மாதிரி நின்றது. அவள் வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்று கிளாடியஸ் பயப்படவில்லை. அவள் வேண்டும் என்று சொல்லிவிடுவாள், அதுதான் பயம். ஆஸ்பத்திரியில் எலும்பை இழுத்து உட்காரவைத்தபோது அவன் அழுதான். வாய்விட்டு, அம்மா என்று. கதவுக்கு அந்தப் பக்கம் மிரெல்லா நின்றுகொண்டிருந்தாள். அன்றிலிருந்து அவள் அப்பாவைக் கண்ணாடி டம்ளர் மாதிரி இரண்டு கையாலும் ஏந்திப் பிடிக்கிறாள். கேரம் விளையாடினால் சிவப்புக் காயைக் குழிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டுத் தப்பவிடுகிறாள். அவன் ஒரு கையால் சுட்ட தோசை கருகி அட்டையாகிவிட்டது, அதை மென்று மென்று, நல்லாருக்குப்பா, மொறுமொறுன்னு இருக்கு என்றாள். முன்பெல்லாம் அப்படியா? முன்பு என்றால், எப்பா நீங்க பாடாதீங்க, நாய் ஓடுது என்று மூஞ்சிக்கு நேரே சொல்லுவாள். அந்தப் பிள்ளை எங்கே போனாள்? தாண்டு. இல்லை, முறுக்கு. முறுக்கியாயிற்றா? கட்டைகளை எண்ணிப்பார்த்தான். சரிதான். நேற்று சாயங்காலம் அவள் பாவசங்கீர்த்தனத்துக்குப் பயிற்சி எடுத்தாள். சிஸ்டர் சொல்லிக்கொடுத்தபடி கண்ணாடி முன்னால் முழந்தாளிட்டு, பாவங்களை விரல்விட்டு எண்ணி. படிக்காமல் விளையாடினேன். அம்மாவை எதிர்த்துப் பேசினேன். அப்பாகிட்டப் பொய் சொன்னேன். அடுப்படிக்குத் தண்ணீர் குடிக்கப் போன கிளாடியஸ் காதில் அது விழுந்துவிட்டது. விழுந்திருக்கக் கூடாது, பாவசங்கீர்த்தனம் சாமியாருக்கும் சர்வேசுரனுக்கும் மட்டும்தான். ஆனால் விழுந்தது விழுந்ததுதான். என்ன பொய்? தோசையா? கேரமா? தோசையென்றால் பரவாயில்லை. போன வாரம் முதல் நாலு இலையைக் காட்டி எப்படியிருக்கு என்று கேட்டபோது, சூப்பர்ப்பா என்றாளே, அதுவா? சூப்பர் என்று சொல்லும்போது அவள் கண் இலையைப் பார்த்ததா, அவன் மணிக்கட்டைப் பார்த்ததா? மணிக்கட்டைத்தான். இல்லை, இலையை. ஞாபகத்தை எத்தனைமுறை திருப்பிப்போட்டாலும் ஒவ்வொரு தரமும் வேறு இடத்தைப் பார்க்கிறாள். இந்த நேரத்துக்கு அவள் பாவசங்கீர்த்தனக் கூண்டுக்கு முன்னால் வரிசையில் நின்றுகொண்டிருப்பாள். சாமியார் அந்தப் பொய்யைக் கேட்டுச் சிரித்திருப்பாரா? நாளைக்கு அத்தனை பேர் முன்னாலும் பிடிக்காத ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டு, கைகுவித்து, அப்பாவுக்காகச் சிரித்துக்கொண்டே பீடத்துக்கு நடப்பாளென்றால், அது லேஸ் இல்லை, அவள் தலையில் தூக்கிவைத்த அவனுடைய கட்டுப்போட்ட கை.

கடைசி ஊசி. நூல்களை ஜோடி ஜோடியாக முடிந்தான், வெட்டினான். கட்டைகள் திடீரென்று வெறும் கிளிப்பாகிவிட்டன. அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது, முடிந்துவிட்டது, வீட்டில் யாரும் இல்லை, கைதட்ட ஆளில்லை. மூடியிருந்த துணியை எடுத்துவிட்டு ஊசிகளைப் பிடுங்க ஆரம்பித்தான். புது ஊசிகள் வழுக்கிக்கொண்டு வந்தன. பாதி வழி போனதும் ஒரு ஊசி வர மறுத்தது. திருகி இழுத்தான். வந்தது. ஊசி பழுப்பாக இருந்தது. நூலில் ஒரு பழுப்புப் பொட்டு. அடுத்த ஊசியும் அப்படி. அதற்கடுத்ததும். முதல் நாலு இலையைச் சுற்றி, எறும்பு ஊர்ந்த தடம் மாதிரி, ஒழுங்காக, வடிவமாக, துரு. கிளாடியஸ் ஒரு ஊசியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். அப்புறம் சிரித்துவிட்டான். வேறு என்ன செய்வது? துருவைத் தெரியாதவன் செய்திருந்தால் சரி. உப்புக் காற்றில் இரும்புக் கயிறு துருப்பிடிக்கக் கூடாதென்று கிரேனுக்குக் கிரீஸ் போட்டே கைரேகை மறைந்தவன். துறைமுகத்தில் சின்னப் பையன்களை, எண்ணெய் போடாம விட்டா இரும்பு உங்கள மன்னிக்காதுலே என்று அதட்டுகிறவன். அவன், கடலைப் பார்த்த ஜன்னலுக்குப் பக்கத்தில், இரும்பு ஊசியை வெள்ளை நூலில் வாரக்கணக்கில் புதைத்து மூடி வைத்திருக்கிறான். பித்தளை ஊசி வாங்கு என்று குழுவில் எழுதியிருந்தார்கள்தான். கடைகளில் கேட்டான், இல்லை என்றார்கள், ஸ்டேஷனரிக் கடைக் குண்டூசியே போதும் என்று வந்துவிட்டான். படம் எடுத்துப் போட்டான். யூஹனி உடனே எழுதினார், எங்கள் வீடுகளில் காற்று காய்ந்துகிடக்கும், துருவைப் பற்றிச் சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை, மன்னித்துக்கொள் என்று. பிறகு ஸரீனா, சேவலோடு. "நானா, நீங்க கடக்கரை ஆளா இல்லையா? உப்புக் காத்துல இரும்பு ஊசியக் குத்தி மூடி வெச்சா அது என்ன செய்யும், பாட்டுப் படிக்குமா? சரி சரி, அழாதீங்க. தேசிக்காய் இருக்கா? தேசிக்காய்ப் புளியும் உப்பும் பூசி வெயில்ல வைங்க. தேய்க்காதீங்க, தேய்ச்சா நூல் பிஞ்சிரும். வெயில் பாத்துக்கும்." தேசிக்காய் என்றால் எலுமிச்சை. பிரியாணிக்கு வாங்கி வைத்திருந்ததில் பெரிதாக இரண்டைத் திருடி அறுத்தான்.

மொட்டைமாடியில் வெயில் சட்டியில் ஊற்றிய எண்ணெய் மாதிரி நின்றது. வெள்ளைத் துண்டை விரித்து, அதன்மேல் லேஸை நீட்டி, பொட்டுப் பொட்டாகச் சாற்றை வைத்து, உப்பைத் தூவி, பக்கத்திலேயே குத்தவைத்துக் குடையைத் தனக்குப் பிடித்துக்கொண்டான். ஒரு காக்கா வந்து அது என்ன தின்பண்டம் என்று பார்த்தது. போ, இது உனக்கில்லை. வெயில் பட்டு வெளுக்கிறதா, கண் கூசி வெளுப்பாகத் தெரிகிறதா? வெளுத்தது. முதலில் ஓரத்துப் பொட்டு ஆரஞ்சானது, பிறகு மஞ்சளானது, பிறகு அது இருந்த இடத்தைத் தேட வேண்டியிருந்தது. தூரத்தில் ஒரு கப்பல் ஊதியது. அவனுக்குப் பதிலாக யாரோ ஒருவன் இப்போது அந்த ஏணியில் ஏறுகிறான். அடுத்த மாதம் நானும் ஏறுவேன். ஏறுவேனா? உள்ளங்கை வியர்த்தது. பரவாயில்லை, எலுமிச்சை மணக்கிறது. இந்தத் துரு எல்லாம் போகாமல் இருந்தால்கூட நல்லதோ என்று ஒரு யோசனை குறுக்கே ஓடியது. கறை இருந்தால் அவள் வேண்டாமென்று சொல்ல ஒரு சாக்குக் கிடைக்கும், அவளுக்கும் மனக்கஷ்டம் இல்லை, எனக்கும் இல்லை. சீ, அதுவும் ஒரு பொய்தானே. அவள் வேண்டாம் என்றால் முழுசாக வேண்டாம் என்று சொல்லட்டும். அதற்கு லேஸ் முழுசாக இருக்க வேண்டும். இன்னொரு எலுமிச்சையை எடுத்துவர இறங்கி ஓடினான். கடைசியில் ஒரே ஒரு பொட்டு மட்டும் போகவில்லை, மூன்றாவது இலையின் காம்பில், மிளகை நாலாக உடைத்ததில் ஒரு துண்டு அளவுக்கு. அலசினான், காயவைத்தான், நெட்டு முக்காட்டின் விளிம்பில் வைத்துத் தைத்தான். கட்டைவிரல் வலிக்கவில்லை. அதை அப்போது கவனிக்கவும் இல்லை.

கேட் சத்தம். ஜெனோவா முன்னால், வியர்த்து விறுவிறுத்து. "அங்க ஒரே கூட்டம். இவ உள்ள போயிட்டு வர்றதுக்குள்ள நான் மூணு ஜெபமாலை சொல்லிட்டேன். அப்படி என்ன பாவம் செஞ்சியோ." மிரெல்லா செருப்பை உதறினாள். முகம் கழுவி விட்ட மாதிரி இருந்தது. "அதெல்லாம் வெளிய சொல்லக் கூடாது" என்றாள். கிளாடியஸ் பீரோவைத் திறந்து கடை முக்காட்டையும் எடுத்தான். கட்டிலில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தான். "ரெண்டையும் போட்டுப் பாரு. எது வேணுமோ அது." ஜெனோவா ஆரம்பித்தாள். "அப்பா எம்புட்டுக் கஷ்டப்பட்டு..." "நீ சும்மா இரு. அவ தலை, அவ பாக்கட்டும்." மிரெல்லா முதலில் லேஸ் வைத்ததைப் போட்டுக்கொண்டாள். கண்ணாடியில் இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். விரலால் ஒரு இலையைத் தடவினாள். "இது என்ன, எறும்பா?" "துரு. எலுமிச்சம்பழம் போட்டும் போகல." "ம்." கழற்றி மடிக்காமல் வைத்துவிட்டுக் கடை முக்காட்டை மாட்டினாள். முத்து சலசலத்தது. தலையை வேண்டுமென்றே ஒருமுறை ஆட்டினாள். மறுபடி லேஸ். மறுபடி முத்து. கண்ணாடிக்குள்ளிருந்து அவள் கண் அப்பாவின் முகத்தைத் தேடியது. கிளாடியஸ் முகத்தில் ஒன்றும் காட்டாமல் இருக்கப் பாடுபட்டான். மூக்கு அரித்தது, சொறியவில்லை. சொறிந்தால் அழுகிறான் என்று நினைத்துக்கொள்வாள்.

"எப்பா."

"சொல்லு."

"நான் ஒண்ணு கேப்பேன். நீங்க அழுவீங்களா?"

"மாட்டேன்."

"நெசமா?"

"நெசமா."

"ஒருவேளை அழுக வந்துட்டா?"

"வந்தா மூக்கச் சிந்திட்டு நாளைக்கு வெங்காயம் உரிக்கப் போயிருவேன். யாருக்குத் தெரியப்போவுது?"

மிரெல்லா சிரித்தாள். ஜெனோவாவும் சிரித்தாள். பிறகு மிரெல்லா தலையில் இருந்ததைக் கழற்றி வைத்துவிட்டு, கட்டிலின் மேல் கிடந்த இரண்டையும் இன்னொருமுறை பார்த்தாள்.

"எனக்கு முத்து வெச்சதுதான் வேணும்" என்று சொல்லிக் கடை முக்காட்டை எடுத்துக்கொண்டாள்.